ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கையில் அரிவாள் எதற்கு?

கேள்வி: புதுச்சேரியில் நடக்கிற ஒரு க்ரைம் காமெடி எழுதிக்கொண்டிருக்கிறேன். அரியாங்குப்பத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவனுக்கு ஒரு ரவுடியின் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஆர்டர் வருகிறது. அடித்து முடித்த பிறகுதான் அந்த ரவுடி இன்னும் உயிரோடு இருப்பது தெரிகிறது. கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறான். இடைவேளைக்குப் பிறகு அவன் தங்கையைக் கடத்துகிறார்கள். இவன் பொறுத்தது போதும் என்று எழுந்து தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் அரிவாளோடு எல்லாரையும் எதிர்கொள்கிறான். யாரிடம் கதை சொன்னாலும் இடைவேளை வரை சிரிக்கிறார்கள், அப்புறம் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். எங்கே சறுக்குகிறது? கதையைச் சென்னைக்கு மாற்றிவிடலாமா?

பதில்: சறுக்குவது அந்த அரிவாளில்தான். அதைக் கையில் எடுத்த நிமிடத்திலிருந்து அவன் ஃப்ளெக்ஸ் கடைக்காரன் இல்லை. நூறு படத்தில் நாம் ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒரு ஹீரோ. கதை கேட்பவர்கள் செல்போனை எடுப்பதில் குற்றமே இல்லை. இனி என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கோழை வீரனாகும் கதை வேறு, சாதாரண ஆள் ரவுடிகளிடம் சிக்கிய கதை வேறு. முதல் ரகத்தில் சிரிப்பு வெறும் ஊறுகாய். பயந்தவன் துணிகிற அந்த ஒரு தருணத்துக்காகத்தான் மொத்தப் படமும். இரண்டாவது ரகத்தில் அவன் துணியவே கூடாது. கடைசி ரீல் வரை கை நடுங்கட்டும். நடுங்குகிற அதே கையால், தனக்குத் தெரிந்த ஒரே தொழிலை வைத்து, அவன் வெளியே வரவேண்டும். நீங்கள் முதல் பாதியை இரண்டாவது ரகத்தில் எழுதிவிட்டு, பின்பாதியை முதல் ரகத்தில் முடித்திருக்கிறீர்கள். சண்டைக் காட்சியை எவ்வளவு நன்றாக எடுத்தாலும் இந்த ஒட்டு தெரியும்.

தொழில் என்று நான் சொல்வது அவனுக்கு ஒரு கடையும் போர்டும் கொடுப்பதை அல்ல. அந்தத் தொழிலில் இருப்பவனுக்கு மட்டும் கண்ணில் படுகிற விஷயங்கள் உண்டு. ஃப்ளெக்ஸ் டிசைனரை எடுத்துக்கொள்ளுங்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், பதினாறாம் நாள் காரியம் என்று ஊரில் நல்லது கெட்டது எல்லாம் அவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. பேனரில் எந்த முகம் எவ்வளவு பெரிசு, யார் தலைவருக்குப் பக்கத்தில், யார் கீழ் வரிசையில் பாஸ்போர்ட் சைஸில் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. போன வருஷம் கடைசி வரிசையில் இருந்தவன் இந்த வருஷம் தலைவரின் தோளுக்குப் பக்கத்தில் வருகிறான். இன்னொருவன் படம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. 'அவன் போட்டோவ எடுத்துடுப்பா' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வரியில் ஒரு கூட்டம் உடைந்த செய்தி இருக்கிறது. யார் யாரோடு சேர்ந்தான், யார் பிரிந்தான் என்பது போலீசுக்குத் தெரிவதற்கு முன்னால் இவனுக்குத் தெரியும். தெரிகிறது என்பது மட்டும் அவனுக்கே தெரியாது. அவனைப் பொறுத்தவரை அது லேஅவுட் பிரச்சினை.

இவ்வளவு பெரிய சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் தங்கையைக் கடத்தப் போயிருக்கிறீர்கள்.

கண்ணீர் அஞ்சலி பேனரில் 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு தேதி போடுவார்கள், இல்லையா? உங்கள் கதையில் ஆள் சாகவில்லை என்பது பேனர் அடித்த பிறகு தற்செயலாகத் தெரிகிறது. அப்படி வேண்டாம். ஆர்டரிலேயே மறைவு தேதி வருகிற வெள்ளிக்கிழமை என்று இருக்கட்டும். நம் ஆள் நேர்மையான தொழிலாளி, பிழை திருத்தம் கேட்கிறான்.

"அண்ணே, மறைவு தேதி வர்ற வெள்ளிக்கிழமைன்னு இருக்கு. தப்பா அனுப்பிட்டீங்களா?"

"குடுத்தத போடுப்பா. அவசரம்னா ரேட்ட ஏத்துற, முன்னாடியே குடுத்தா கேள்வி கேக்குற."

இந்த இரண்டு வரியில் கதைக்கு ஒரு கெடு கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்ற ஒரு தேதி பின்னால் துரத்திக்கொண்டே வரும்போது கடத்தல் மாதிரி வெளியிலிருந்து எதையும் கொண்டுவரத் தேவையில்லை. இன்னொன்றும் கிடைக்கிறது. 'கண்ணீருடன்' என்று போட்டு அதற்குக் கீழே வரும் பெயர்ப் பட்டியல் யார் கொடுத்தது? ஆர்டர் கொடுத்தவன்தானே. ஆள் போவதற்கு முன்பே அழத் தயாராக இருப்பவர்களின் பட்டியல் அது. அதில் எவன் தன் படத்தை மட்டும் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொன்னானோ, அடுத்த தலைவராக உட்காரப்போவது அவன்தான். துப்பறிவாளன் யாரும் தேவையில்லை. உங்கள் ஆளின் ஹார்ட் டிஸ்க்கிலேயே எல்லாம் இருக்கிறது.

இதை வெளிநாட்டுப் படம் ஒன்றில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க 'ஃபார்கோ'வை ஒரு முறை போட்டுப் பாருங்கள். கோயன் சகோதரர்கள் 1996இல் எடுத்தது. மாமனாரின் கார் ஷோரூமில் மேனேஜராக இருப்பவன், பணத்துக்காகத் தன் மனைவியையே கடத்த இரண்டு பேரை ஏற்பாடு செய்கிறான். காரியம் கைமீறிப் பிணங்கள் விழ ஆரம்பிக்கின்றன. ஆனால் அவனைப் படம் முழுக்க வாட்டுவது இன்னொரு விஷயம். இல்லாத கார்களைக் காட்டிக் கடன் வாங்கியிருக்கிறான். அந்த நிதி நிறுவனத்து ஆள் போன் போட்டு, 'நீங்கள் அனுப்பிய காகிதத்தில் வண்டி எண்கள் சரியாகத் தெரியவில்லை, திரும்ப அனுப்புங்கள்' என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கொலை நடந்த பிறகும் அந்த போன் வருகிறது. எனக்கு அந்தப் படத்தில் ரத்தத்தைவிட அந்த போன்தான் பயம். பெரிய ஆபத்து வந்துவிட்டால் சின்னக் கஷ்டங்கள் ஒதுங்கி வழிவிடும் என்று திரைக்கதை எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். நிஜத்தில் அவை வழிவிடுவதே இல்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போதும் மாதத் தவணை கட்டச் சொல்லி மெசேஜ் வரும்.

உங்கள் ஆளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். பிரிண்டருக்கு வாங்கிய கடனோ, கடை வாடகையோ, எதுவாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் அந்த அஞ்சலி பேனருக்கே பாக்கிப் பணம் வரவேண்டியிருக்கிறது என்று வைப்பேன். அட்வான்ஸ் மட்டும் கொடுத்தவர்கள் மீதியைத் தரவில்லை. கொலைகாரர்களிடம் உயிர்ப்பிச்சை கேட்கும் காட்சியிலும் அவனால் அந்த மீதியை மறக்க முடியாது. கேட்கவும் பயம், விடவும் மனசில்லை. பத்துக்கு எட்டு சைஸ், சதுர அடிக்கு இவ்வளவு, ஃப்ரேம் தனி, கயிறு கட்டுகிற ஐலெட் வளையம் அடிக்கத் தனி என்று அவன் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கட்டும். கூட்டத்தில் ஒருவன் 'ஐலெட்டுக்கெல்லாம் காசாய்யா' என்று கேட்டால் அந்த இடத்தில் மட்டும் அவனுக்கு ரோஷம் வரும். அந்த அளவு வீரம் போதும்.

அடுத்தது ரவுடிகள். முதல் பாதியில் உங்கள் ரவுடிகள் ஜோக் அடிக்கிறார்கள் என்று தெரிகிறது. அதைக் குறையுங்கள். இந்த ரகப் படத்தில் ரவுடிகளுக்கு அது காமெடிப் படம் என்று தெரியவே கூடாது. 1959இல் பில்லி வைல்டர் எடுத்த 'சம் லைக் இட் ஹாட்' இதற்கு இன்றும் நல்ல பாடம். 1929இல், அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்துச் சிகாகோவில் தொடங்குகிறது. சவ ஊர்தி ஒன்றைப் போலீஸ் துரத்திச் சுடுகிறது. குண்டு பட்ட சவப்பெட்டியிலிருந்து சாராயம் ஒழுகுகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு கராஜில் வரிசையாக ஆட்களை நிற்கவைத்துச் சுடுகிறார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் உண்மையிலேயே இப்படிக் கொல்லப்பட்டார்கள். அதைப் பார்த்துவிட்ட இரண்டு வாத்தியக்காரர்கள் பெண் வேஷம் போட்டுப் பெண்கள் இசைக்குழுவில் சேர்ந்து ஊரைவிட்டு ஓடுகிறார்கள். கூட்டத் தலைவனாக வைல்டர் நடிக்கவைத்தது நகைச்சுவை நடிகரை அல்ல, சீரியஸான கேங்ஸ்டர் படங்களில் பேர் வாங்கிய ஜார்ஜ் ராஃப்டை. அவர் கடைசி வரை முறைப்பாகவே இருக்கிறார். அந்த முறைப்பு உண்மையாக இருப்பதால்தான் புடவை கட்டாத குறையாக ஓடுகிற அந்த இரண்டு பேரைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது. கராஜில் நடந்ததை விளையாட்டாக எடுத்திருந்தால் அவர்கள் வேஷம் போடவேண்டிய காரணமே போய்விடும்.

நம்மிடமும் உதாரணம் உண்டு. 2013இல் வந்த 'சூது கவ்வும்' படத்தில் கடத்தல்காரர்கள் கத்துக்குட்டிகள், கடத்தப்பட்டவனோ அவர்களுக்கும் மேலே. ஆனால் பின்பாதியில் அவர்களைத் தேடி வருகிற போலீஸ் அதிகாரி வாயே திறக்க மாட்டார். அவர் வரும் காட்சிகளில் அடி நிஜமான அடி. சிரிப்பு பின்பாதியிலும் நின்றதற்கு அது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ரவுடிகளை வைத்துச் சிரிக்கவே கூடாதா என்றால், தாராளமாகச் சிரிக்கலாம், அவர்கள் தொழிலை வைத்து. அது தினசரி அலுவல் நிறைந்த தொழில். வாய்தாவுக்குப் போகவேண்டும். வக்கீலுக்குப் பணம் புரட்டவேண்டும். கண்டிஷன் பெயிலில் வந்தவன் தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். ஊரே நடுங்குகிற ஒருவன், 'பத்தரைக்குக் கையெழுத்து இருக்கு, சீக்கிரம் சொல்லித் தொலை' என்று மிரட்டலைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடினால் அது ஜோக் இல்லை, நடைமுறை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு இப்போது 302 இல்லை, 103. 'மூணு த்ரீநாட்டூ பாத்தவன்டா நான்' என்று மார்தட்டுகிற பழைய ரவுடியிடம், எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டு தலையைத் தூக்காமல் 'இப்ப நூத்திமூணு, அப்டேட் ஆவு' என்று சொல்லலாம். ஒரு தலைமுறையின் பெருமையே நம்பர் மாறியதில் போய்விட்டது.

இனி இந்த வகைக் கதைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓட்டை: இவன் ஏன் போலீசுக்குப் போகவில்லை? 'போலீசும் அவனுங்க ஆளு' என்று ஒரு வசனத்தில் தாண்டிப் போயிருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள், அதனால்தான் சலிக்கிறது. அவனிடம் ஒரு சின்னக் குற்றம் இருக்கட்டும். சட்டத்தின் பார்வையில் சின்னது, அவன் மனசில் மலை. யாரோ கேட்டார் என்று பைக்குக்கு 'பிரஸ்' ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்திருக்கிறான். இல்லையென்றால், என்ன ஏது என்று தெரியாமல் ஒரு கட்டு லேபிள் அச்சடித்துக் கொடுத்தான்; பிறகு பார்த்தால் அது சரக்கு பாட்டிலில் ஒட்டுகிற போலி லேபிள். ஸ்டேஷன் வாசல் வரை போய், அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பைக் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். இப்படி வைத்தால் போலீசை வில்லனாக்கவும் வேண்டாம். நல்ல இன்ஸ்பெக்டர் ஒருவர் உண்மையிலேயே உதவ நினைத்து இவன் பின்னால் அலைய, இவன் ஸ்டிக்கர் கேஸுக்குத்தான் தேடுகிறார் என்று நினைத்து ஓட, பின்பாதியில் நல்ல ஓட்டம் இருக்கிறது.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சென்னைக்கு மாற்றாதீர்கள். சென்னையில் என்ன நடந்தாலும் ஒரே மாநிலத்துப் போலீசுக்குள்தான் முடியும். புதுச்சேரியின் விசேஷமே எல்லைதான். அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் ரோட்டில் போங்கள். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில், முள்ளோடை. அவ்வளவுதான், தமிழ்நாடு. வேறு அரசாங்கம், வேறு போலீஸ், சரக்குக்கு வேறு விலை. பாகூர்ப் பக்கம் உள்ளே போனால் எந்த வயல் எந்த மாநிலம் என்று வெளியூர்க்காரனால் சொல்லவே முடியாது. வடக்கே கோட்டக்குப்பமும் அப்படித்தான், நாலு கடை தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். இந்த எல்லையின் மேல் ஓட விட்டால் உங்கள் ஆள் நின்ற இடத்திலேயே நூறு பிரச்சினையைச் சந்திப்பான்.

இது புதிதும் இல்லை. 1908இல் ஆங்கிலேய அரசுக்குத் தப்பிப் பாரதி வந்து பத்து வருஷம் இருந்தது இதே எல்லையை நம்பித்தான். 1918 நவம்பரில் அதைத் தாண்டினார். கடலூர் அருகிலேயே கைது செய்தார்கள். அவர் கதை சிரிப்பதற்கில்லை. ஆனால் ஒரு கோடு ஒருவனைக் காப்பாற்றும், அதே கோடு அவனைப் பிடித்தும் கொடுக்கும் என்பது இந்த மண்ணுக்குப் பழக்கமான விஷயம். உங்கள் ரவுடிகளும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்: அந்தப் பக்கம் சம்பவம், இந்தப் பக்கம் தூக்கம்.

'எங்க லிமிட் இல்ல' என்று இரண்டு ஸ்டேஷனும் தட்டிக்கழிக்கும் காட்சியை வைக்க உங்களுக்குக் கை துறுதுறுக்கும். வையுங்கள், ஆனால் ஒரு விஷயம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்று பேர். பழைய மாதிரி எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அதையே திருப்பிப் போடலாம்: இவன் புகார் கொடுக்கவே போகவில்லை, டீ வாங்கப் போனான், ஜீரோ எஃப்ஐஆர் பற்றி அன்றைக்குத்தான் வகுப்பு முடித்து வந்த இளம் எஸ்ஐ ஒருவர் விடாப்பிடியாக இவனிடம் புகார் வாங்கப் பார்க்கிறார்.

சரக்கு விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003இலிருந்து டாஸ்மாக் கையில். புதுச்சேரிச் சரக்கை எல்லை தாண்டி எடுத்துப் போனால் அங்கே மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு. சிகாகோச் சவ ஊர்தியைப் பற்றி மேலே சொன்னேனே, அதை இங்கே அப்படியே வைத்தால் திருட்டு, வைக்கவும் வேண்டாம். உங்களிடம் அதைவிட நல்ல பொருள் இருக்கிறது. சுருட்டிய ஃப்ளெக்ஸ். ஆள் உயரத்துக்குக் குழாய் மாதிரி இருக்கும், செக்போஸ்டில் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், பிரித்தாலும் கண்ணீர் அஞ்சலி. செத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார் காவலர்.

பேனரைப் பற்றி இன்னொரு உண்மைச் செய்தி. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், உயிரோடு இருப்பவர்களின் படம் போட்டுப் பேனர் வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அப்போது அது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. உயிரோடு இருக்கும் ரவுடிக்கு அஞ்சலி பேனர் அடித்துவிட்டு முழிக்கிற ஒருவனுக்கு இதைவிட ஒரு சாக்கு கிடைக்குமா? 'கோர்ட்டே சொல்லியிருக்குண்ணே, உயிரோட இருந்தா பேனரே வைக்க முடியாது, அதான்...' என்று அவன் உளறுவதை எழுதிப் பாருங்கள்.

இடைவேளை. உங்கள் நடைமுறைச் சிக்கல் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. 'ஃபார்கோ' மொத்தமே 98 நிமிடம், இடைவேளை கிடையாது. இந்த ரகக் கதைகளுக்கு இயல்பான நீளம் அதுதான். நாம் அதை இரண்டேகால் மணி நேரத்துக்கு இழுத்து, நடுவில் ஒரு வெட்டும் போட்டு, பாப்கார்ன் வாங்கி வந்தவனைப் புதிதாக உள்ளே இழுக்கவேண்டியிருக்கிறது. அதனால்தான் எல்லாரும் பின்பாதியில் கடத்தல், பழிவாங்கல் என்று பாரத்தை ஏற்றுகிறார்கள். ஏற்றவேண்டியது பாரத்தை அல்ல. அதே பேனருக்கு இன்னொரு வேலை கொடுங்கள்.

என் யோசனை இது. பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளைக்கு முன் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. பேனரில் இருக்கிறவனே குனிந்து உள்ளே வருகிறான். நம் ஆளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வந்தவன் சத்தம் போடவில்லை. பேனரை விரிக்கச் சொல்லி நிதானமாகப் படிக்கிறான். "எம் மூஞ்சிக்கு ஏன்யா இவ்ளோ கலர் ஏத்துன? எம் பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது." பிறகு பெயர்ப் பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வருகிறான். ஒரு பெயரில் விரல் நிற்கிறது. அது யார் என்று நமக்குக் காட்டவேண்டாம். "மறைவு தேதிய மட்டும் மாத்து. நாளைக்குன்னு போடு." இடைவேளை.

அவர்கள் வெள்ளிக்கிழமை கொல்ல நினைத்தவன் புதன்கிழமையே செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொல்லப்போகிறான். தன் சாவுக்கு யார் வருகிறார்கள், யார் நிஜமாக அழுகிறார்கள், தாங்கள் கொல்வதற்கு முன்பே செத்துவிட்டானே என்று யார் குழம்புகிறார்கள் என்று பார்க்கவேண்டும். இந்தப் பொய்ச் சாவை நடத்தித் தருவது யார்? உங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்காரன். பந்தல், ஃப்ரீஸர் பெட்டி, பேண்டு, மாலை, பூப்பல்லக்கு எல்லாம் சொல்லும் ஆட்களை அவனுக்குத் தெரியும். அதே தெருவில் அதே காண்ட்ராக்டில் பிழைக்கிறவன். ஃப்ரீஸர் பெட்டிக்குள் உயிரோடு படுத்தவனுக்குக் குளிர் தாங்காது, சுவிட்சை அணைத்தால் விஷயம் தெரிந்துவிடும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தாத் தாத்தா எதிர்வீட்டுக்காரர், மரியாதை செலுத்த மெடலோடு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். எதிர்க் கூட்டம், சொந்தக் கூட்டம், வட்டிக்குக் கொடுத்தவன், மாறுவேஷத்தில் போலீஸ், கடலூர் முதுநகரிலிருந்து வேனில் வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் ஒரே பந்தலுக்குக் கீழே. அவர்களுக்கு நடுவில், செத்தவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த நம் ஆள், மீதிப் பணத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறான். துறைமுகம் வேண்டாம், அரிவாள் வேண்டாம். எவன் எவன் முகத்தை எங்கே வைப்பது என்பதுதான் அவன் ஆயுதம். இரவோடு இரவாக இன்னொரு பேனர் அடித்து, வரிசையை மாற்றிப் பந்தல் வாசலில் கட்டிவிட்டால் போதும். கீழே இறக்கப்பட்டவனும் மேலே ஏற்றப்பட்டவனும் அவர்களே அடித்துக்கொள்வார்கள்.

புதுச்சேரியில் ரவுடி காமெடி ஏற்கெனவே வந்துவிட்டதே என்று தயாரிப்பாளர்கள் கேட்பார்கள். 2015இல் வந்த 'நானும் ரௌடிதான்' இங்கே நடக்கிற கதைதான். ஆனால் அதில் நாயகன் ரவுடியாகக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவன், அம்மா இன்ஸ்பெக்டர். உங்கள் ஆளுக்கு அந்த ஆசை துளியும் இல்லை, இவன் வரவே விரும்பாத இடத்துக்கு வந்தவன். இரண்டும் எதிர்த்திசை. வேண்டுமானால் நீங்கள் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம், மஞ்சள் சுவர்களையும் பீச் ரோட்டையும் மறந்துவிடுவது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே போகாமலே முழுப் படத்தையும் எடுக்கலாம். முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் என்று ஊர்க்காரர்கள் குடியிருக்கும் புதுச்சேரி திரையில் குறைவாகத்தான் வந்திருக்கிறது. போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பி ஒன்று போதும், பார்ப்பவர்களுக்கு எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

சாவுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு உண்மையான சாவாவது வேண்டும், முதல் அரைமணி நேரத்துக்குள், சிரிப்பில்லாமல். அது இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். நாட்டு வெடிகுண்டு சத்தம் தூரத்தில் கேட்டால் போதும், காட்டவேண்டாம். ரத்தத்தைக் குறைத்தால் தணிக்கையிலும் உதவும். 2024 முதல் யூஏ சான்றிதழையே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். உங்கள் படம் 13க்குள் நிற்கவேண்டிய படம்.

தங்கை கதாபாத்திரத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கடத்தாமல் கடையில் உட்கார வையுங்கள். பில் போடுவதும் பாக்கி வசூலிப்பதும் அவள் வேலை. அண்ணனுக்கு இல்லாத தைரியம் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதனால் அவனுக்குப் புதிதாக வரவேண்டிய அவசியமும் இல்லை. பந்தலில் அந்த மீதிப் பணத்தை ஃப்ரீஸர் பெட்டிக்குள் இருப்பவனிடமே போய்க் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.